ஒன்பது 'ஐ'

நேற்று ஒரு தம்பி இங்கே போட்ட ஆங்கில வேலை விண்ணப்பக் கடிதத்துக்குக் கீழே நான் எழுதிய இரண்டு வரிக்கு இவ்வளவு வசவு விழும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆங்கில மோகியாம், மேட்டிமையாம். சரி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இலக்கணம் தப்பு என்றா சொன்னேன்? ஒன்பது வாக்கியம், ஒன்பதும் 'ஐ' (நான்) என்றே தொடங்குகின்றன, கொஞ்சம் மாற்றுங்கள் என்றேன். அவ்வளவுதான்.

'ஐ வாஸ் இல். ஐ மிஸ்ட் ஒன் எக்ஸாம். ஐ பாஸ்ட் இட் லேட்டர்.' மூன்றிலும் பிழை கிடையாது. ஆனால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றன. 'ஆல்தோ ஐ மிஸ்ட் ஒன் எக்ஸாம் பிகாஸ் ஐ வாஸ் இல், ஐ பாஸ்ட் இட் லேட்டர்' என்று எழுதிப் பாருங்கள். காய்ச்சல் பின்னால் போய்விடும், தேறியது முன்னால் வந்து நிற்கும். வேலை கொடுப்பவர் பார்க்க வேண்டியது எதை?

தமிழில் 'எழுந்து, குளித்து, கிளம்பி வந்தேன்' என்று ஒரே மூச்சில் கோத்துச் சொல்கிறவர்கள்தானே நாம்? ஆங்கிலம் என்றதும் ஏன் துண்டு துண்டாக உடைக்கிறோம்? பயம். பள்ளியில் வாக்கியங்களை சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளக்ஸ் என்று வகை மாற்றி எழுதியதெல்லாம் மதிப்பெண்ணோடு போயிற்று.

'சர்ச்சில் "வி ஷல் ஃபைட்" (நாம் போரிடுவோம்) என்று அடுக்கவில்லையா?' என்று ஒரு மேதை கேட்டிருந்தார். அடுக்கினார், பிரிட்டிஷ் பிரதமராக, 1940 ஜூன் 4 அன்று, போர்க்கால நாடாளுமன்ற உரையில். அதற்கு முந்தைய வாக்கியத்தைப் படித்தீர்களா ஐயா? 'ஈவன் தோ' என்று தொடங்கி நீண்டுகொண்டே போகும். தெரிந்து அடுக்குவது வேறு, வேறு வழி தெரியாமல் அடுக்குவது வேறு.

'புரிந்தால் போதாதா?' போதும். அறிவிப்புப் பலகைக்குப் போதும்.

என் முதல் வேலையில், மேலதிகாரி என் அறிக்கையில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். ஒரே பக்கத்தில் பதினொரு 'ஐ'. கூசிப் போனேன். அடுத்த அறிக்கையில் எங்கு பார்த்தாலும் 'ஹவெவர்' போட்டேன். அதையும் வட்டமிட்டார்! அன்று அவரை நான் மேட்டிமை என்று திட்டவில்லை. மனதுக்குள் திட்டியிருக்கலாம், அது வேறு.

இங்கே கைதட்டி 'அருமை தம்பி' என்று போனவர்களில் ஒருவராவது அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தீர்களா? நான் மூன்று முறை படித்தேன். கெட்டவன் நான்.

தம்பி இன்று காலை திருத்திய கடிதத்தை இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறார். 'ஐ' நான்காகியிருக்கிறது. அதை இங்கே போட மாட்டேன்.