சான்றிதழ் படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது

மனநோய்ப் பயிற்சி ஒன்றை முடித்தவர்கள் சான்றிதழோடு நிற்கும் அந்த ஃபோட்டோவைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. நான் வாயைத் திறப்பதாக இல்லை. "மலையக மனநலத்துக்கு ஒரு மைல்கல்" என்று கீழே ஒருவர் போட்டிருந்தாரே, அதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

சைக்கோசிஸை, அதாவது இல்லாத குரல் கேட்கும், இல்லாததை நம்பவைக்கும் மனநோயை, ஆரம்பத்திலேயே அடையாளம் காணப் பயிற்சி. ஹோட்டலில். சிங்களத்திலும் இங்கிலீசிலும். வந்தவர்கள் எல்லோரும் வைத்தியசாலை ஆட்கள். சரி, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வளரும் எங்கள் பிள்ளை அந்த வைத்தியசாலை வாசலுக்கு வந்து சேருவது ஆரம்பத்திலா? ஆரம்பம் நாங்கள் வாழும் வரிசை வீட்டு லயத்தில் தெரியும், வகுப்பறையில் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அவர் தோட்டக் கம்பனி ஆள், அரசாங்க ஆள் இல்லை, அவரை யார் கூப்பிடுவது!

என் அக்கா மகன் ஏ.எல். (உயர்தரம்) படித்துக்கொண்டிருந்தான். தூக்கம் போனது. பீலிக் குழாய்த் தண்ணீரில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்று குடிக்க மறுத்தான். ராத்திரியில் லயத்துக் கோடியில் நின்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான். டீச்சர் "லவ் கேஸ்" என்றார். டிஸ்பென்சரியில் பனடோலும் விட்டமினும் கிடைத்தன. ஒருவழியாக கிளினிக் போனபோது, வரிசையில் நின்ற யாரோ ஒரு அண்ணன்தான் அக்காவுக்கு மொழிபெயர்த்தார். அவள் அழுது அழுது சொன்ன இரண்டு வருசக் கதை, சிங்களத்தில் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

"முதலில் கோடாங்கியிடம் போனது நீங்கள்தானே?" என்று ஒருவர் வருவார். போனோம். அவர் தமிழில் பேசினார், ராத்திரியிலும் கதவைத் திறந்தார், அக்கா சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அதைச் செய்துவிட்டு வந்து எங்களைத் திட்டுங்கள்.

"டொக்டர்களே இல்லை, 2022-க்குப் பிறகு எத்தனை பேர் வெளிநாடு போய்விட்டார்கள்" என்பீர்கள். நியாயம். அதனால்தானே இருக்கிற டீச்சருக்கும் மிட்வைஃபுக்கும் டிஸ்பென்சரிக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்? தமிழில்!

இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. நோர்வேயில் ஸ்தவாங்கர் பக்கம் 1997-இல் தொடங்கி இதைத்தான் செய்தார்கள். பத்திரிகையில் விளம்பரம், ஆசிரியர்களுக்கும் குடும்ப வைத்தியர்களுக்கும் பயிற்சி, கூப்பிட்டால் உடனே வரும் ஒரு குழு. நோய் தொடங்கி சிகிச்சைக்கு வரும் காலம் பாதிப்பேருக்கு 5 வாரத்துக்குள் வந்தது. விளம்பரத்தை நிறுத்தினார்கள், அது 15 வாரமானது. அங்கே வாரக்கணக்கு. இங்கே அக்காவுக்கு வருசக்கணக்கு. மருந்து தள்ளிப்போகப் போக மீண்டு வருவது கஷ்டம் என்று அந்த ஹோட்டலில் ஸ்லைடு போட்டுத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவன் இப்போது பரவாயில்லை. மாத்திரை எடுக்கிறான். பரீட்சை போனது போனதுதான். ஒவ்வொரு கிளினிக்குக்கும் அக்காவுக்கு ஒரு பேர் வெட்டு, ஒரு நாள் சம்பளம் போய்விடும், அதைக் கேட்கவும் ஆள் இல்லை. "உங்கள் சனத்துக்கு விழிப்புணர்வு போதாது" என்று மட்டும் கேட்காமலே சொல்வார்கள். விழிப்புணர்வு எங்கே விற்கிறது, கூட்டுறவுக் கடையிலா?

படத்தில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதில் சிலர் நல்லவர்கள், ராப்பகலாக உழைப்பவர்கள். டேக் செய்து சண்டைக்கு வராதீர்கள்.

அடுத்த பயிற்சியை எங்கள் தோட்டத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வையுங்கள். பிளேன்டீ எங்கள் செலவு. பேனரில் யார் பேரை வேண்டுமானாலும் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.