தனி ஒருவராகவா கட்டினார்?

ஒரு ஓவியரோ சிற்பியோ தானே வடிவமைத்து, தானே கட்டிக்கொண்ட வீட்டின் படம் டைம்லைனில் வந்தால் "தனி ஒருவராக இத்தனை வருடம் உழைத்து" என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. அந்த வீடுகள் மேல் எனக்கும் கொள்ளை ஆசைதான். அந்த வரிதான் உறுத்துகிறது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கே தெரியும். கலவை இறுக ஆரம்பித்தால் யாருக்காகவும் நிற்காது. கலக்க ஒரு ஆள், தூக்கிக் கொடுக்க ஒரு ஆள், சாரத்தின் மேல் நின்று வாங்க ஒரு ஆள் வேண்டும். கலைஞர் என்பதால் சிமென்ட் சலுகை காட்டாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைல் கலைஞர் ஹென்றி மெர்சர் 1908 முதல் 1912 வரை தனக்காகக் கட்டிய ஃபான்ட்ஹில் என்ற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கான்கிரீட், 44 அறைகள். ஒவ்வொரு அறையையும் உள்ளேயிருந்து யோசித்து மாதிரி செய்து பார்த்தார்; வெளித்தோற்றம் எப்படி வருகிறதோ வரட்டும் என்று விட்டுவிட்டார். கூரை போட்ட விதம் இன்னும் அழகு. பலகை மேல் மண்ணை மேடாகக் குவித்து, தான் சுட்ட டைல்களை அதில் முகம் கவிழ்த்துப் பதித்து, மேலே கான்கிரீட் கொட்டுவார்கள். இறுகியதும் பலகையையும் மண்ணையும் எடுத்தால், தலைக்கு மேல் வளைவு முழுக்க டைல். யோசனை மெர்சருடையது. மண்ணைக் குவித்து, கலவை கலந்து, கொட்டியது பத்துப் பேருக்குள் அடங்கும் கூலியாட்கள். கூடவே லூசி என்ற குதிரை. குதிரையின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, ஆட்களின் பெயர்தான் யார் வாயிலும் இல்லை!

இத்தாலியின் டஸ்கனியில் சிற்பி நிக்கி டி செயின்ட் ஃபால், தான் உருவாக்கிய சிற்பத் தோட்டத்தில் ஸ்பிங்க்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம்) வடிவில் ஒரு பெண் சிலையைக் கட்டி, சில வருடங்கள் அதற்குள்ளேயே குடியிருந்தார். ஒரு மார்பு படுக்கையறை, இன்னொன்று சமையலறை. அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் உள்ளூர்த் தபால்காரர்.

"கற்பனை கலைஞருடையதுதானே, ஆள் யாராக இருந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். வரைபடத்தை அப்படியே எழுப்பும் கட்டடத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும். இந்த வீடுகளில் பாதி முடிவுகள் வேலை நடக்கும்போதுதான் பிறக்கின்றன. இந்த வளைவு இன்னும் ஒரு விரல் உள்ளே போகட்டுமா என்பதைக் கரண்டி பிடித்த கைதான் தீர்மானிக்கிறது.

இதை மறைக்காத மனிதர் மரச்சிற்பி வார்ட்டன் எஷரிக். 1926இல் ஆரம்பித்த வீட்டை 40 வருடம் மாற்றிக்கொண்டும் நீட்டிக்கொண்டும் இருந்தார். எல்லோரும் அங்கே 1930இல் செய்த ஓக் மரச் சுழல் படிக்கட்டைப் படமெடுப்பார்கள். கழற்றி நியூயார்க் உலகக் கண்காட்சிக்கே கொண்டுபோன படிக்கட்டு, எடுக்கட்டும். எனக்குப் பிடித்தது கோட்டு மாட்டும் முளைகள். வீட்டு வேலையில் கூட நின்றவர்களின் முகங்களைக் கேலிச்சித்திரம் போல அவற்றில் செதுக்கி வைத்திருக்கிறார்.

அப்படியானால் தனி ஆள் யாருமே இல்லையா? இருக்கிறார். பிரான்சின் ஓட்ரீவில் ஃபெர்டினாண்ட் ஷெவால், இவரும் தபால்காரர்தான். 1879 முதல் 33 வருடம் கல் பொறுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றிவந்து ஒரு மாளிகை எழுப்பினார். "ஒரே மனிதனின் உழைப்பு" என்று சுவரிலேயே பொறித்தும் வைத்தார். நம்புகிறேன். ஆனால் அதில் யாரும் குடியிருக்கவில்லை. அடுப்பு எரிய வேண்டியதில்லை, கூரை ஒழுகினாலும் வீட்டில் திட்டு விழாது.