மார்கோஸில் நேரடிச் சேர்க்கை கிடையாது

தம்பி, இந்தியக் கடற்படையின் கமாண்டோப் படையான மார்கோஸுக்கு ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்துவில்தான் பயிற்சி நடக்கிறது, ஒரு வீடியோவில் வரும் முன்னாள் கமாண்டோவிடம் பணம் கட்டிப் பயின்றால் நேரடியாகச் சேரலாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

பருந்து ஒரு கடற்படை விமானத் தளம். ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் அங்கிருந்து பறக்கின்றன. மார்கோஸ் பயிற்சிக்குப் பெயர்பெற்றது மும்பை ஐஎன்எஸ் அபிமன்யு.

முக்கியமானது அடுத்தது. 1987-ல் தொடங்கிய இந்தப் படைக்கு வெளியிலிருந்து யாரையும் எடுப்பதில்லை. முதலில் கடற்படையில் மாலுமியாகவோ அதிகாரியாகவோ சேர வேண்டும், அப்புறம் விருப்பம் தெரிவித்துத் தேர்வைத் தாண்ட வேண்டும். அதிலேயே பெரும்பாலானோர் திரும்பிவிடுகிறார்கள். பயிற்சி தருபவர் உண்மையிலேயே கமாண்டோவாக இருந்திருக்கலாம், அவர் சேவைக்கு என் மரியாதை உண்டு. ஓய்வுக்குப் பிறகு அந்தப் பெயரை வைத்துச் சம்பாதிப்பதிலும் தப்பில்லை. ஆனால் அவர் மார்பில் இருக்கும் பதக்கம் நம் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்கூடத் தராது. மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் படகை அடகு வைத்தாவது பணம் கட்டத் துணியும் பெற்றோர் இருக்கிறார்கள். உங்கள் பதிவைத் தயவுசெய்து இன்றே திருத்துங்கள், கடற்படையின் அதிகாரப்பூர்வ ஆள்சேர்ப்பு இணையதளத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.