ஹைதுக் கிளப் அளந்தது எடையை மட்டும்தான்

குரோஷியக் கால்பந்து வீரர் லூக்கா மோட்ரிச்சைப் பற்றிச் சமூக ஊடகங்களில் சுற்றிவரும் தன்னம்பிக்கைக் கதையைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. போர்தான் அவரைச் செதுக்கியதாம். ஸ்பிளிட் நகரின் கால்பந்துக் கிளப்பான ஹைதுக் சிறுவயதில் அவரை வேண்டாம் என்றதால்தான் வைராக்கியம் பிறந்ததாம். இப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தக் கிளப்பின் பெரும்பிழைக்குப் புண்ணியக் கணக்கு எழுதிவிடுகிறோம்.

1991 டிசம்பரில் குரோஷியப் போரில் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் அவருடைய தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். தாத்தாவின் பெயரும் லூக்காதான். பேரனுக்கு அப்போது ஆறு வயது. வீடு எரிந்தது. அப்பா ராணுவத்தில் சேர்ந்தார். ஸாதர் நகரில் அகதிகள் தங்கவைக்கப்பட்ட ஹோட்டல்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது அந்தக் குடும்பம். வெளியே குண்டு விழ, ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் பந்தை உதைத்து வளர்ந்தான் சிறுவன்.

ஸாதரும் ஸ்பிளிட்டும் இருக்கும் டால்மேஷியக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஹைதுக் என்றால் உயிர். அங்கே பயிற்சிக்குப் போனவனை, ஒல்லியாக இருக்கிறான், உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே வயதுப் பையன்களில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், இன்னொருவன் குழந்தையாகவே இருப்பான். பிள்ளைகளைப் பழக்குகிறவர்களுக்கு இது தெரியாதா? இத்தனைக்கும் மோட்ரிச் கடைசிவரை பெரிதாக வளரவும் இல்லை. அவர் உயரம் 172 செ.மீ.தான். அந்த உடம்போடுதான் ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஆறு முறை வென்றார். 2018 உலகக் கோப்பையின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தும், அதே ஆண்டின் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதும் அவருக்கே கிடைத்தன.

அவரைக் காப்பாற்றியது வைராக்கியம் மட்டுமல்ல, தோமிஸ்லாவ் பாஷிச் என்ற மனிதர். ஸாதர் கிளப்பின் இளையோர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர். பையனுக்கு மரத்தில் கணைக்கால் காப்பு செய்துகொடுத்து, கைவிடாமல் வளர்த்து, கடைசியில் தலைநகர் கிளப்பான தினமோ ஸாக்ரெபில் சேர்த்துவிட்டார். ஹைதுக்கின் பரம எதிரி தினமோ! 2005-இல் ஹைதுக் குரோஷிய லீக் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டு முதல் தொடர்ந்து பதினொரு பட்டங்கள் தினமோவுக்கே. அவற்றில் முதல் மூன்றில் மோட்ரிச் ஆடினார். 2008-இல் இங்கிலாந்துக் கிளப்பான டாட்டன்ஹாம் அவரை 1.65 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது அந்தப் பணமும் ஸாக்ரெபுக்குத்தான் போனது.

பாஷிச் போல ஒருவர் வாய்க்காத எத்தனை பிள்ளைகள் அந்த ஹோட்டல்களோடு முடிந்துபோனார்களோ! அவர்களைப் பற்றி யாரும் தன்னம்பிக்கைப் பதிவு எழுதுவதில்லை.

இன்று இங்கிலாந்தில் சில அகாடமிகள் வயதை விட்டுவிட்டு, உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரித்து ஆடவிட்டுப் பார்க்கின்றன. 1990-களின் ஸ்பிளிட்டில் அந்த முறையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் "அடுத்த வருடம் மறுபடி வா தம்பி" என்று ஓர் அகதிப் பையனிடம் சொல்ல எந்த அறிவியலும் தேவைப்பட்டிருக்காது.