வீல் ஆடினால் ஸ்டியரிங் பாக்ஸ் பழுது என்று அர்த்தமில்லை

அண்ணா, 80ஆம் ஆண்டு ஷெவ்ரொலே பிக்கப்பில் ஸ்டியரிங் வீல் மேலும் கீழும் ஆடுகிறது என்றவருக்கு, "பாக்ஸ் (வீலின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) போய்விட்டது, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேறொன்று வாங்கிப் போடுங்கள்" என்றீர்கள். அது சரியில்லை. பாக்ஸ் தேய்ந்தால் வீலைத் திருப்பும்போதுதான் வெறுமையாகச் சுழலும். என்ஜினை நிறுத்திவிட்டு வீலை மேலே தூக்கி அமுக்கிப் பாருங்கள். கொலத்தின், அதாவது வீலைத் தாங்கும் தூணின், தலையும் சேர்ந்து அசைந்தால் கோளாறு கொலத்தில்தான்.

வீலைச் சாய்த்து வைக்கும் டில்ட் கொலம் என்றால், உள்ளே நான்கு போல்ட் இளகியிருக்கும். இந்த ரகத்துக்கு அது பழைய வியாதி. போல்ட்டின் தலை நட்சத்திர வடிவம், அதற்குப் பொருந்தும் ஈ8 (E8) சொக்கெட் வேண்டும். அங்கே போய்ச்சேர்வதுதான் வேலை: வீல், லொக் பிளேட் (வீலைப் பூட்டும் தட்டு), சிக்னல் சுவிட்ச் எல்லாம் கழற்றி, தலை சாய்வதற்கு அச்சாக இருக்கும் பக்கத்து இரண்டு பிவட் பின்களையும் இழுக்க வேண்டும். பின்னுக்குள் போல்ட்டை முறுக்கித்தான் அதை இழுக்க வேண்டும்; உள்ளே இருப்பது 8-32 எனப்படும் அங்குல முறைப் புரி. கராஜில் கையில் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்தால் புரி நாசம், அப்புறம் பின் வரவே வராது. இறுக்கும்போது போல்ட்டுகளுக்கு, மறுபடி இளகாமல் பிடிக்கும் புரிப்பசை பூசுங்கள்.

இன்னொன்று. வீல் கழறாவிட்டால் சுத்தியலால் தட்டச் சொன்னீர்களே, தயவுசெய்து வேண்டாம். மோதலில் மடங்குவதற்காக, வீல் பொருந்தியிருக்கும் ஸ்டியரிங் தண்டில் பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. நுனியில் அடித்தால் அவை முறிந்துவிடும். புல்லர் (வீலை இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுங்கள், முதலில் பட்டரி வயரைக் கழற்றிவிட்டு.