வரவேண்டாம்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகாதா?

"17, 18 ரெண்டு நாளும் டேட் ஃப்ரீயா வச்சுக்கோங்க பிரதர், ரெண்டு சீன் இருக்கு. ஷேவ் மட்டும் பண்ணிடாதீங்க." இப்படிச் சொல்லிவிட்டு போனை வைக்கிற சினிமா கம்பெனி மேனேஜர்களையும் கோ-டைரக்டர்களையும் கேட்கிறேன். அந்த ரெண்டு நாளை நாங்கள் எங்கிருந்து எடுத்துத் தருகிறோம் என்று தெரியுமா உங்களுக்கு?

சென்னையில் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ரூம் எடுத்து சின்னச் சின்ன வேஷங்களுக்கு வாய்ப்புத் தேடுகிற நடிகர்களான எங்களில் பலர் ராத்திரியில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறோம். முகூர்த்த நாளென்றால் மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறோம். ஒரு முகூர்த்தத்தை விட்டாலே அந்த மாச வாடகையில் துண்டு விழும். அதை விட்டுவிட்டுத்தான் உங்களுக்கு டேட் தருகிறோம். 16-ம் தேதி ராத்திரி போன் பண்ணினால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மறுநாள் விடியுமுன் குளித்து, ரெண்டு செட் துணியை இஸ்திரி போட்டுப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கம்பெனி வண்டி வராது. சாயங்காலம் ஸ்பாட்டிலிருந்து யாரோ இன்ஸ்டாவில் போட்ட படத்தில் நம் கேரக்டரில் வேறொருவர் நிற்பார்.

வேறொருவரைப் போட்டது டைரக்டரின் உரிமை. முகம் பொருந்தவில்லை, ஃபாலோயர்ஸ் போதவில்லை, எதுவோ இருக்கட்டும். முதல் நாளே ஒரு வரி அனுப்ப என்ன கேடு?

ஆடிஷனுக்கு நாங்களே நடித்து வீடியோ எடுத்து அனுப்புகிற செல்ஃப் டேப் கதையும் இதுதான். தெருச் சத்தம் அடங்க நள்ளிரவு ஆகிவிடும். அதன்பிறகு செல்போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று எடுக்கிறோம். ரூம்மேட் தூக்கக் கலக்கத்தில் எதிர் டயலாக்கைப் படிப்பான். மகனைப் பறிகொடுத்த அப்பாவாக அழவேண்டும், பக்கத்து ரூம்காரர் எழுந்துவிடாமலும் அழவேண்டும். யூடியூபில் அன்லிஸ்டடாக, அதாவது லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஏற்றி, லிங்க் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வியூஸ் பூஜ்யம். பிடிக்கவில்லை என்றால்கூட மனசு ஆறும். திறந்தே பார்க்காததற்கு எதற்கய்யா கேட்டீர்கள்?

நல்ல நாளும் வராமல் இல்லை. ஒரே டேக்கில் ஷாட் ஓகே ஆகி, கூட நடித்த சீனியர் தோளில் தட்டி "எந்த ஊர் தம்பி?" என்று கேட்ட அன்று, சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. அம்மா ஊரில் தெருவுக்கே சொல்லிவிட்டார். படம் வந்தது. அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்தார்கள். சீனே இல்லை. எடிட்டிங்கில் வெட்டுவது சினிமாவில் சகஜம், ஒத்துக்கொள்கிறேன். ரிலீசுக்கு முன்னால் ஒரு போன் பண்ணியிருந்தால் என் அம்மா அத்தனை பேருக்கு நடுவில் தலைகுனிந்து வெளியே வந்திருக்க மாட்டார்.

இதைப் போய் யாரிடம் கேட்பது? லைட்மேனுக்கு, சினிமாத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் சங்கம் இருக்கிறது, ஷிப்டு கணக்கில் சம்பளமும் பேட்டாவும் இருக்கிறது. கூட்டத்தில் நிற்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்கும் கேட்பதற்கு ஏஜென்ட் இருக்கிறார். ரெண்டு சீன், மூணு வசனம் என்று வருகிற, நடிகர் சங்கக் கார்டு இன்னும் கிடைக்காத எங்களுக்கு யாருமில்லை. 1952-ல் தொடங்கிய சங்கம் அது. கார்டு வாங்கும்வரை அதன் படியேறி முறையிடக்கூட எங்களுக்கு வழி தெரியவில்லை. இந்த லட்சணத்தில், ஆடிஷனுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் பணம் கேட்கிற கூட்டம் வேறு. புதுசாக வருகிற தம்பி தங்கைகளே, நடிக்க வைப்பதாகச் சொல்லிக் காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

புலம்பினால் உடனே, "விஜய் சேதுபதியைப் பாரு" என்கிறார்கள். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்குப் பார்த்து, சின்னச் சின்ன வேஷங்களில் தலைகாட்டி, 2010-ல் கதாநாயகன் ஆனவர். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் பட்ட கஷ்டத்தைக் காட்டி எங்கள் வாயை அடைக்காதீர்கள். அவர் ஜெயித்துவிட்டார் என்பதற்காக, இன்றைக்கு ஒருவனைக் காலையிலிருந்து காக்க வைப்பது நியாயமாகிவிடுமா?

வாய்ப்புக் கொடுங்கள் என்று நான் இங்கே கேட்கவில்லை. அதை ஆடிஷனில் கேட்டுக்கொள்கிறேன். டேட் வாங்கினால், ஷூட்டிங் உண்டா இல்லையா என்று முந்தின நாள் சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கேன்சல் பண்ணினால் அன்றைய பேட்டாவில் பாதியாவது கொடுங்கள். கோடிக்கணக்கில் பட்ஜெட் போடுகிற கம்பெனிக்கு அது ஒரு வேளை டீச் செலவு. எங்களுக்கு அது வாடகை.