23 பிளாட்டினமாம், அதனால் ‘த வால்’ ஜெயித்ததாம்!

‘பிங்க் ஃப்ளாய்டின் ஆல்பங்களில் அதிகம் விற்பனையானது எது?’

இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டைப் பற்றிய கேள்வி இது. ஆன்லைனில் நடந்த ராக் வினாடி வினா, கடைசிச் சுற்று, எங்கள் அணியின் முறை. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ என்று சொல்லிவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? 1973-இல் வந்த இசைத்தட்டு. உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் போயிருக்கும் என்பதுதான் பொதுவான மதிப்பீடு. முப்பட்டகமும் வானவில்லும் போட்ட அந்த அட்டையை ராக் கேட்காதவர்கள்கூட சட்டையில் அணிந்துகொண்டு திரிகிறார்கள்.

நடத்தியவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “தப்புண்ணா. சரியான விடை த வால்.”

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையேதான் சொன்னார். எப்படி என்று கேட்டால், இதோ காரணம்: “ஆர்ஐஏஏ சான்றிதழ்ண்ணா. த வால் 23 தடவை பிளாட்டினம். டார்க் சைட் 15 தடவைதான். ஒரு பிளாட்டினம் 10 லட்சம். 2 கோடியே 30 லட்சம் எங்க, ஒண்ணரைக் கோடி எங்க?”

ஐயா, முதலில் ஒன்று. ஆர்ஐஏஏ என்பது அமெரிக்க ஒலிப்பதிவுக் கம்பெனிகளின் சங்கம். அது தருவது அமெரிக்கக் கணக்கு மட்டும். கேள்வியில் ‘அமெரிக்காவில்’ என்ற சொல்லே கிடையாது. இங்கிலாந்துக்காரர்களின் ஆல்பம், உலகமெல்லாம் விற்ற ஆல்பம், அதற்கு ஒரே ஒரு நாட்டின் சங்கம் கொடுத்த பட்டயத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்கிறார்.

சரி, அமெரிக்காவையே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் சொன்னது தப்பு. ‘த வால்’ இரட்டை ஆல்பம். உள்ளே இரண்டு தட்டுகள். ஆர்ஐஏஏ தட்டுக்குத் தட்டு எண்ணும். ஒருவர் கடைக்குப் போய் ‘த வால்’ ஒன்று வாங்கினால் சங்கத்தின் ஏட்டில் இரண்டு ஏறும். ஆக அந்த 23-ஐ இரண்டால் வகுக்க வேண்டும். 1 கோடியே 15 லட்சம் பிரதிகள். அவ்வளவுதான். ‘டார்க் சைட்’ ஒற்றைத் தட்டு, 15 என்றால் 15-தான், ஒன்றரைக் கோடி. அவர் கையில் வைத்திருந்த அதே தாளின்படியே ‘டார்க் சைட்’ 35 லட்சம் முன்னால் நிற்கிறது! ஒரு ஜோடி செருப்பு வாங்கியவரை இரண்டு வாடிக்கையாளர் என்று எழுதி வைப்பார்களா எந்தக் கடையிலாவது?

இதை நான் பொறுமையாகத்தான் சொன்னேன். முதல் தடவை பொறுமையாகத்தான் சொன்னேன்.

அவர் பதில்: “ஆனா சர்டிபிகேட்ல 23-ன்னுதானேண்ணா இருக்கு?”

இருக்கிறது தம்பி, இருக்கிறது. 2 கோடியே 30 லட்சம் ‘யூனிட்’ என்று இருக்கிறது. அத்தனை பேர் என்றோ அத்தனை பிரதி என்றோ இல்லை. பீட்டில்ஸின் ‘வொயிட் ஆல்பம்’ 24 தடவை பிளாட்டினம் என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள். அதுவும் இரண்டு தட்டுதான், பாதியாக்கித்தான் படிக்க வேண்டும். லெட் செப்பெலினின் ‘பிசிக்கல் கிராஃபிட்டி’க்கும் இதே கதைதான். இதெல்லாம் ரகசியமா? இந்த இசையைக் கொஞ்சம் தோண்டிக் கேட்டவர் எவருக்கும் தெரிந்த சங்கதி. வினாடி வினா நடத்த உட்காருகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்த வாதத்தை எடுத்தார். “அண்ணா, த வால் அமெரிக்க ஆல்பம் பட்டியல்ல 15 வாரம் முதலிடம். டார்க் சைட் ஒரே ஒரு வாரம். அதுலேருந்தே தெரியலையா?”

இது கேட்டவுடன் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஏனென்றால் இந்தத் தகவல் உண்மை. உண்மையான தகவலைக் கொண்டுவந்து பொய்யான முடிவுக்கு முட்டுக்கொடுப்பதைத்தான் என்னால் தாங்கவே முடியாது. முதலிடம் என்பது அந்த வாரம் மற்றவர்களைவிட அதிகம் போனது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். ‘டார்க் சைட்’ ஒரு வாரம் மேலே நின்றுவிட்டு, அப்புறம் பட்டியலை விட்டுப் போக மறுத்தது. 1973 முதல் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் பில்போர்டு பத்திரிகை வாராவாரம் போடும் 200 ஆல்பங்களின் பட்டியலுக்குள் இருந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் எத்தனை பேர் முதலிடத்துக்கு வந்து, போய், மறந்தும் போனார்கள்! ஏசி/டிசி குழுவின் ‘பேக் இன் பிளாக்’ அமெரிக்காவில் நான்காம் இடத்தைத் தாண்டவே இல்லை. அது 25 பிளாட்டினத்தைத் தாண்டிவிட்டது. அதுவும் ஒற்றைத் தட்டு. முதலிடத்தில் இருந்த வாரங்களை எண்ணித்தான் விற்பனையைச் சொல்வேன் என்கிறவர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

இன்னொன்றும் சொன்னேன். அந்தக் காலத்துப் பட்டியலே எப்படித் தயாரானது? 1991 வரை கடைகளைத் தொடர்புகொண்டு, எது நன்றாக ஓடுகிறது என்று கடைக்காரர் சொன்ன வரிசையை வாங்கிக்கொண்டு போட்டார்கள். கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. 1991 மே மாதத்தில்தான் பார்கோடு வழியாக உண்மையான விற்பனையை எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு பில்போர்டு மாறியது. அப்பாடா, இனிமேலாவது உண்மை தெரியும் என்று பார்த்தால், அதே சமயத்தில் பழைய ஆல்பங்களைத் தூக்கித் தனிப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். 2009 கடைசி வரைக்கும் அப்படித்தான். அந்தப் பதினெட்டு வருடமும் ‘டார்க் சைட்’ வாரா வாரம் விற்றுக்கொண்டேதான் இருந்தது, பிரதான பட்டியலில் அதற்கு இடமே தரவில்லை. சவுண்ட்ஸ்கேன் வந்த பிறகு மட்டும், 2013 வாக்கில், அமெரிக்காவில் 90 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. வெளிவந்து பதினெட்டு வருடம் கழித்து ஆரம்பித்த கணக்கு இது! பெரிய அலை அடித்த முதல் பதினெட்டு வருடம் இதில் சேரவே இல்லை.

அப்படியானால் அந்த 15 பிளாட்டினம் எப்போது கொடுத்தது? 1998-இல். தம்பி கையில் இருந்த தாளிலேயே தேதி போட்டிருந்தது. 1998-க்குப் பிறகு ஒருவர்கூட அதை வாங்கவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பட்டயம் தானாக ஏறாது. கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும், தணிக்கைக்குப் பணம் கட்ட வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். கம்பெனி சும்மா இருந்தால் எண்ணும் சும்மா இருக்கும். ஈகிள்ஸ் குழுவைப் பாருங்கள். அவர்களுடைய ‘தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ 2006-இல் 29. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அசையவில்லை. 2018 ஆகஸ்டில் ஒரே நாளில் 38. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ 16-லிருந்து 26-க்குப் போனது. 33-இல் இருந்த மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஒரே இரவில் பின்னால் போய்விட்டது என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஒரே இரவில் 90 லட்சம் பேர் ஈகிள்ஸ் வாங்கினார்களா? காகிதம் புதுப்பிக்கப்பட்டது, அவ்வளவுதான். புதுப்பித்த காகிதத்தையும் இருபது வருடம் தொடாத காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இதற்கு நடுவில் எங்கள் அணியிலேயே ஒருவர், “விடுங்கண்ணே, ஒரு பாயிண்ட்தானே” என்றார். ஒரு பாயிண்ட் இல்லை! அங்கே நாற்பது பேருக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அந்தத் தப்பை எழுதி வைத்துக்கொண்டு போகிறார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் இன்னொரு வினாடி வினா நடத்துவார், அப்போது அந்தத் தாளிலும் ‘த வால்’ என்றுதான் இருக்கும்.

சரி, பட்டயத்தில் இருக்கும் எண்ணாவது மக்கள் வாங்கிய எண்ணா? அதுவும் முழுதாக இல்லை. தட்டுக் காலத்தில் கம்பெனி கடைக்கு அனுப்பியதை வைத்துத்தான் எண்ணினார்கள். திரும்பி வருவதைக் கழிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் திரும்பி வருவது பின்னால்தானே தெரியும்? 1978 செப்டம்பரில் கிஸ் குழுவின் நான்கு பேரும் ஒரே நாளில் தனித்தனி ஆல்பம் விட்டார்கள். ஒவ்வொன்றும் 10 லட்சத்துக்கு மேல் கடைகளுக்குப் போனது, நான்குக்கும் பிளாட்டினம். அப்புறம் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. பட்டயம் மட்டும் திரும்பிப் போகவில்லை, இன்றைக்கும் சுவரில்தான் தொங்குகிறது. தங்கமாக (5 லட்சம்) போய் பிளாட்டினமாகத் திரும்பி வந்தது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் அது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? “சரிண்ணா, அரை பாயிண்ட் தர்றேன்.”

அரை பாயிண்ட்! எதற்கு அரை? ‘டார்க் சைட்’ பாதிதான் அதிகம் விற்றதா? என் பதில் சரி என்றால் முழுதாகக் கொடு, தப்பு என்றால் ஏன் தப்பு என்று சொல். வாயை மூடுவதற்காகப் போடுகிற அரை மதிப்பெண் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் பத்துத் தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

‘த வால்’ மட்டமான ஆல்பம் என்று நான் சொல்லவே இல்லை. குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் அதில் எடுத்திருக்கும் உழைப்பும், டேவிட் கில்மோரின் கிதாரும் எனக்கும் உயிர். அதன் 1 கோடியே 15 லட்சம் சின்ன எண்ணா? பிரமாண்டமான எண். அந்தப் பெருமையை அப்படியே சொன்னால் போதாதா, ஏன் இரட்டிப்பாக்கிச் சொல்ல வேண்டும்?

இப்போது ஸ்ட்ரீமிங் வேறு வந்து சேர்ந்திருக்கிறது. 2016 பிப்ரவரியிலிருந்து ஆர்ஐஏஏ கணக்கில் 1500 தடவை பாட்டு ஓடினால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். ஒரு ஆல்பத்திலிருந்து ஒரே பாட்டு 1500 தடவை ஓடினாலும் அது ஒரு ஆல்பம்தான். அன்றைக்குக் காசு சேர்த்துத் தட்டு வாங்கி, அட்டையை விரித்து, வரிகளைப் படித்துக்கொண்டே இரண்டு பக்கமும் கேட்டவரும் ஒன்று. காபிக்கடைப் பின்னணியில் யாரும் கவனிக்காமல் ஓடிய பாட்டும் கூடிக் கூடி ஒன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டுச் சாதனை என்று அறிவிக்கிறார்கள்.

ஸ்ட்ரீமிங் என்றதும் ஞாபகம் வருகிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். ‘டார்க் சைட்’டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி கிடையாது. ஒன்று முடியும் மூச்சிலேயே அடுத்தது பிறக்கும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். கடைசியில் ‘பிரெய்ன் டேமேஜ்’ அப்படியே வழிந்து ‘எக்லிப்ஸ்’ ஆகும் இடம் இருக்கிறதே, மொத்த ஆல்பமும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நாற்பது நிமிடம் காத்திருக்கிறது. வினாடி வினா முடிந்த எரிச்சலில், மனசு ஆறட்டும் என்று போனில் அதைப் போட்டேன். சரியாக அந்த இடத்தில் பாட்டை வெட்டி ஒரு விளம்பரம். ஐந்தே நிமிடத்தில் கடன் தருகிறார்களாம், ஆதார் எண் மட்டும் போதுமாம்! முடிந்ததும் ‘எக்லிப்ஸ்’ தலையில்லாமல் நடுவிலிருந்து தொடங்குகிறது. பாட்டை வெட்டுகிறவர்களே, வெட்டியே தீருவீர்கள் என்றால் ஆல்பம் முடியும் வரையாவது பொறுக்கக் கூடாதா? அதற்கப்புறம் எத்தனை கடன் வேண்டுமானாலும் கொடுங்கள்!